உள்ளே போகாத மருந்து

அது மக்காச்சோளம் ஒடித்து முடித்த நேரம். திருவேங்கடத்தில் கபடிப் போட்டி முடிந்து, பிள்ளைகளை வேறொரு டீச்சரோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். அந்தப் பக்கத்துக் கரிசல் காட்டில் களத்துக்கு எங்கே போவது? தார் ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டு சோளத்தைக் காயப்போட்டிருந்தார்கள். எதிரே டவுன் பஸ் வந்தது. ஒதுங்கினேன். முன்சக்கரம் சோளத்தின் மேல் ஏறியதும் மணிகள் உருண்டன. வண்டி எனக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது.

எழுந்து வண்டியைத் தூக்கலாம் என்றுதான் நினைத்தேன். வலது கால் சொன்னபடி கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே அது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சேலைக்கு வெளியே, கணைக்காலில் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று நீட்டியிருந்தது. சோளத்துக்குக் காவல் இருந்த ஒரு அம்மா ஓடி வந்து என் கண்ணைப் பொத்தினாள்.

“பாக்காதீங்கம்மா, பாக்காதீங்க. நம்ம சோளத்துலயா விழணும்!”

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும், அதை யார் கொடுப்பார்கள் என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் புண்ணைக் கழுவி, எலும்பின் உள்துவாரம் வழியாக நீளமான கம்பி செலுத்தினார்கள். மேலும் கீழும் திருகாணி. எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்தார்கள் என்பதைப் பிறகு பார்த்த டாக்டரும் சொன்னார். சில மாதத்தில் நடந்துவிடலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவர் சுப்பையா தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வாக்கரும் நானும் வீடுமாக இருந்தோம்.

என்னைப் போன்ற ஆளுக்கு வீட்டுக்குள் கிடப்பது தண்டனை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் வாக்கரைத் தட்டிக்கொண்டு போவேன், வருவேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “டீச்சர், ஏதும் விழுந்துட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூட மணி எங்கள் மாடிக்குக் கேட்கும். மூன்றாவது பீரியட் மணி அடித்ததும் என் இடது கால் தானாகத் தரையைத் தட்டும். வலது கால் சும்மா தொங்கும்.

மாதங்கள் போயின. புண் ஆறியது. வலி ஆறவில்லை. முறிந்த இடத்தில் மட்டும், ஊன்றும்போதெல்லாம் ஆழத்தில் ஏதோ நெரிவது போல. கைவைத்து அழுத்தினால், திடமாக இருக்க வேண்டிய இடத்தில் இம்மி அசைவு இருப்பதாகத் தோன்றும். சுப்பையாவிடம் சொன்னேன்.

“உனக்கு ஒரு இடத்துல இருக்க முடியலை. அதான் அப்படித் தோணுது” என்றார்.

ஆனால் மறுநாளே லீவு போட்டார். திருநெல்வேலியில் இன்னொரு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனார். நாற்பது வயது சொல்லலாம். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“சேரலை, டீச்சர்” என்றார்.

இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு. அதற்கு ‘நான்-யூனியன்’, அதாவது சேராத முறிவு, என்று பெயர். கம்பி இருப்பதால்தான் கால் காலாக நிற்கிறது. ஊன்ற ஊன்ற ஒருநாள் கம்பியும் உடையும். கம்பிக்கும் களைப்பு உண்டு என்றார்.

“நான் அசைஞ்சதாலயா?”

“இல்லை. எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வந்திருக்கு. அதுமேல ஒரு மெல்லிய சவ்வு உண்டு, ரத்தம் அது வழியாத்தான் வரும். அது உரிஞ்சு போச்சு. உங்க மேலயும் தப்பில்லை, முதல்ல ஆபரேஷன் பண்ணினவங்க மேலயும் தப்பில்லை.”

அந்த அறையில் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டியிலிருந்தும் முறிந்த எலும்பிலிருந்தும் சில புரதங்கள் வெளியேறும். வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். அவை எலும்பு ஆவதில்லை. சுற்றுவட்டாரத்தில் இன்னும் எதுவாகவும் ஆகாமல் இருக்கிற இளம் செல்களைக் கூப்பிட்டு, ‘எலும்பாகு’ என்று சொல்கின்றன. செல்கள் வந்து கூடும். முதலில் குருத்தெலும்பு உண்டாகும். அதில் சுண்ணாம்பு படியும். பிறகு உண்மையான எலும்பு. என் காலில் அந்தக் கூப்பாடு பாதியில் நின்றுபோயிருக்கிறது.

இந்தப் புரதங்கள் நம் எலும்புக்குள்ளேயே சுண்ணாம்போடு சேர்ந்து பூட்டிக் கிடக்கின்றனவாம். முன்னொரு காலத்தில் ஒரு மருத்துவர், எலும்பிலிருந்து சுண்ணாம்பை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தசைக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். எலும்பே இல்லாத அந்தத் தசையில் புதிதாக எலும்பு உண்டாகியிருக்கிறது. அதிலிருந்துதான் தேடிப் பிடித்தார்கள். இப்போது அதில் ஒருவகையை ஆய்வுக்கூடத்தில் தயாரித்துப் பொடியாகக் குப்பியில் தருகிறார்கள். தண்ணீரில் கரைத்து, ஒரு பஞ்சுத்துண்டில் ஊறவைத்து, முறிவு நடுவே வைப்பார்கள்.

“பழைய கம்பியை எடுத்துட்டுக் கொஞ்சம் தடியான கம்பி போடுவோம். இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்போம். கூட இந்தப் புரதமும் வச்சா வாய்ப்பு இன்னும் நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். விலை கூடுதல். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க ஒண்ணுமில்லை. வைங்க” என்றேன்.

சுப்பையா மட்டும் நாற்காலி நுனிக்கு வந்தார். “சார், ஒரு சந்தேகம். வளரு வளருன்னு கூப்பிடுதுன்னு சொல்லுதீங்க. அந்தக் கூப்பாடு காலோட நின்னுக்குமா?”

டாக்டர் அவரைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்தார். “நல்ல கேள்வி. அங்கனயே நிக்கணும்னுதான் பஞ்சுல ஊறவைக்கிறது. மத்தபடி, புற்றுநோய் உள்ளவங்களுக்கு இதை வைக்கிறதில்லை. இது புற்றை வரவழைக்கும்னு யாரும் நிரூபிக்கலை. ஆனா ஏற்கெனவே வளரத் துடிச்சிட்டிருக்கிற செல் ஒண்ணு இருந்தா, அதுக்கும் இந்தக் குரல் கேட்டுடக் கூடாதில்லையா. டீச்சருக்கு அப்படி ஏதும் இருந்திருக்கா?”

“எனக்கா? நான் காய்ச்சல்னுகூடப் படுத்ததில்லை.”

வீட்டுக்கு வந்து செல்போனை எடுத்த சுப்பையா அதைக் கீழே வைக்கவே இல்லை. எதை எதையோ படித்தார். படித்து முடித்துவிட்டு, “அந்தப் பொடி வேண்டாம், ஆவுடை” என்றார்.

“கால் உங்களுதா, என்னுதா?”

“கால் உன்னுதுதான். நீ என்னுது இல்லையா?”

கோபத்தில் வாக்கரைத் தட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் அதே சண்டைதான். அவர் மென்மையான மனிதர், குரல் உயர்த்த மாட்டார். அதனால் சண்டை முடியவே முடியாது. நான் கத்தினால் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சரி, சரி. ஆனா வேண்டாம்” என்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று என்னோடு தங்குவதற்கு மதினி வந்தாள். என் அண்ணன் மனைவி, பேச்சியம்மாள். பனவடலிசத்திரத்தில் பிச்சிப்பூத் தோட்டம் வைத்திருக்கிறாள். அவளும் நானும் அவ்வளவு ஒட்டு கிடையாது. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி. விடிவதற்கு முன்னால் பூப்பறித்துச் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவள், அதைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரு வயர்க்கூடையோடு வந்து நின்றாள்.

“உங்களுக்கு எதுக்கு மதினி சிரமம்?”

“சிரமம்னா வந்திருப்பனாட்டி? நவுரு, தலவாணியை ஒழுங்கா வைக்கேன்.”

அறைக்குள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் சும்மா இருக்கத் தெரியாது. எனக்குக் கால் இல்லை. அவளுக்குச் செடி இல்லை. விடிகாலையில் அவள் விரல்கள் போர்வையின் ஓரத்தில் எதையோ கிள்ளிக்கொண்டே இருக்கும். பொழுது விடிந்ததும் பக்கத்து அறைகளுக்கெல்லாம் வெந்நீர் பிடித்துக் கொடுக்கப் புறப்பட்டுவிடுவாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு அறையின் கதையும் அவளோடு வரும். யாருக்கு முட்டு மாற்றியிருக்கிறது, யார் மருமகள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் தெரியும்.

பரிசோதனைகள் தொடங்கின. உள்ளே சீழ் ஏதும் பதுங்கியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள், இல்லை. சர்க்கரை இல்லை. வைட்டமின் டி மட்டும் குறைவு. எந்நேரமும் வெயிலில் நின்ற எனக்கா என்று கேட்டேன். மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தீர்கள் இல்லையா என்றாள் நர்ஸ்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தார். வாயைத் திற, நாக்கை நீட்டு, தலையை அண்ணாந்து பார் என்றார். ஆபரேஷனில் மூச்சுக்குழாய் போட வேண்டி வந்தால் கழுத்து எப்படி வளையும் என்று பார்ப்பார்களாம். அவர் விரல் என் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் நின்றது.

“எச்சில் முழுங்குங்க.”

முழுங்கினேன்.

“இன்னொரு தரம்.”

மதினி வெந்நீர் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றுவிட்டாள்.

“இந்தக் கட்டி எவ்வளவு நாளா இருக்கு?”

“எந்தக் கட்டி?”

அவர் என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். மறுபடி முழுங்கினேன். விரலுக்கு அடியில் கொண்டைக்கடலை போல ஒன்று மேலே ஏறி இறங்கியது. விசில் ஊதி ஊதித் தடித்த தொண்டை என்று நினைத்திருந்தேனோ என்னவோ, கண்ணாடியில்கூடக் கவனித்ததில்லை.

கழுத்தில், தைராய்டு சுரப்பியில் கட்டி. பெண்களுக்கு இது சாதாரணம், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அதே மூச்சில், ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலி எறும்பு கடித்தது போலத்தான். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள்.

எலும்பு டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். “கழுத்துல இருக்கிறது என்னன்னு தெரியாம நான் அந்தப் புரதத்தை வைக்க மாட்டேன்.”

சுப்பையா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘சொன்னேன் இல்லையா’ என்று அவர் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன்.

காத்திருந்த நாட்களைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எலும்பு வளரவில்லை என்று வந்தேன். வளரக்கூடாத இடத்தில் எதுவோ வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். கால் போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷமே, காலும் போய் இதுவும் வந்தால் என்று தோன்றும். வீல்சேரை நானே தள்ளிக்கொண்டு நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனேன். எக்ஸ்ரே அறை, ரத்தம் எடுக்கிற அறை, மருந்துக் கவுண்ட்டர், மறுபடி எக்ஸ்ரே அறை. டோக்கனோடு பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் முதலில் பரிதாபமாகப் பார்த்தார்கள், பிறகு காலை மடக்கி வழிவிடப் பழகிக்கொண்டார்கள். கழுத்தைத் தொடக்கூடாது என்று கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன். எச்சில் முழுங்கினால் அது ஏறி இறங்குமே என்று, முழுங்காமல் இருக்கப் பார்ப்பேன். அப்படி இருந்தால் வாயெல்லாம் எச்சில்தான் ஊறும்.

மதினி ஒருநாள் வீல்சேரைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினாள். “ஏட்டி, ஆஸ்பத்திரி தரை தேஞ்சு போயிரும். ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சுத்து.”

“இறங்க மாட்டேங்குது மதினி.”

“இறங்காட்டா என்ன? நான் உருட்டித் தாரேன்.” தயிர்ச்சோற்றை உருட்டி என் கையில் வைத்தாள். அவள் விரல் நுனிகளில் பூக்காம்பின் கறை இன்னும் போகவில்லை. “எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே தின்னு. யாரு வேண்டாம்னா?”

அதுவரை யாரும் எனக்குப் பயப்பட அனுமதி கொடுக்கவில்லை. எல்லோரும் ‘தைரியமா இரு’ என்றுதான் சொன்னார்கள். சாப்பிட்டேன்.

முடிவு வந்தது. ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை.’ செல்கள் நல்லதாகவும் இல்லை, கெட்டதென்று சொல்லும்படியும் இல்லை. இரண்டாவது முறை ஊசி போட்டார்கள். அதுவும் அப்படியேதான். கட்டியை எடுத்து முழுதாகப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் அது அவசரமில்லை, மெதுவாக வளர்கிற வகைதான் எதுவாக இருந்தாலும் என்று கழுத்து டாக்டர் சொன்னார். காலை முதலில் முடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

எலும்பு டாக்டரிடம் நான் மன்றாடினேன். “உறுதியா இல்லைன்னுதானே சொல்லியிருக்காங்க? புற்றுன்னு சொல்லலையே. அந்தப் புரதத்தை வைங்க, சார். நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“உங்க கையெழுத்து உங்க கழுத்துக்குத் தெரியாது, டீச்சர்.”

“அது இல்லாம சேரலைன்னா?”

“சேரலைன்னா மறுபடி பார்ப்போம். வேற வழிகள் இருக்கு. இடுப்பெலும்புல இருக்கிறதும் இதே புரதங்கள்தான். கொஞ்சமா இருக்கும். ஆனா உங்க உடம்பு வச்ச அளவு. கூடவே உயிருள்ள செல்லும் வருது.”

அப்போது மதினி கேட்டாள்: “ஐயா, செடிக்கு உரம் வைக்க மாதிரியா இது?”

“உரம்னா சாப்பாடும்மா. இது சாப்பாடு இல்லை, சேதி. ஆள் இருக்கு, சாமான் இருக்கு. வேலையைத் தொடங்குன்னு சொல்ல யாரும் இல்லை. அதைச் சொல்லத்தான் இது.”

“அப்போ இவ இடுப்பு இவ காலுக்குச் சொல்லட்டும்” என்றாள் மதினி. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். நான் விழித்திருந்தேன். மார்புக்கு நேரே பச்சைத் துணி கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தச்சுப்பட்டறைச் சத்தம். துளைபோடுகிற இயந்திரம் உறுமும், நிற்கும். பிறகு சுத்தியல். வலி துளியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் என் பற்கள் அதிர்ந்தன. பழைய கம்பி வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது போல. “இழுங்க, இன்னும்” என்று டாக்டர் குரல். எல்லோரும் என் கால் மேல் வேலை செய்ய, ஓடப் பழகிய உடம்பு அசையாமல் கிடந்தது. தலையையாவது திருப்பலாம் என்று பார்த்தால் மயக்க டாக்டரம்மா நெற்றியில் கைவைத்து அழுத்தினார்.

இடுப்பிலிருந்து எடுத்ததைப் பற்றிப் பிறகு கேட்டேன். சிவப்பாக, பொலபொலவென்று, பீட்ரூட் துருவல் போல இருக்கும் என்றார் டாக்டர். அதை முறிவைச் சுற்றிலும் அடைத்திருக்கிறார்.

இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்: காலைவிட இடுப்புதான் வலிக்கும். இருமினால், தும்மினால், மதினி எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்தால், இடுப்பில் கத்தி இறங்கும். “நீங்க பேசாம இருங்க மதினி” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. சுப்பையா ஆபீஸ் முடிந்து தினமும் பஸ் ஏறி வருவார். வந்ததும் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, “தெரியுதா?” என்பார். “தெரியுது” என்பேன். அந்தப் பொடி பற்றி இருவரும் பேசவில்லை. பில் கட்டுகிற இடத்திலிருந்து திரும்பும்போது மட்டும் அவர் நடை கொஞ்சம் தளர்ந்திருக்கும். என்னிடம் காட்டாமல் இருக்க, வாசலிலேயே முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து முதல் எக்ஸ்ரே. அதே கறுப்புக் கோடு. நான் டாக்டர் மேஜையில் கையால் அடித்துவிட்டேன்.

“அதான் சொன்னேன்! அதை வச்சிருக்கணும்!”

சுப்பையா என் தோளைப் பிடித்தார். தட்டிவிட்டேன். டாக்டர் கோபப்படவில்லை.

“புது எலும்பு முதல்ல எக்ஸ்ரேக்குத் தெரியாது. சுண்ணாம்பு படிஞ்ச பிறகுதான் படத்துல வெள்ளையாத் தெரியும். இருங்க. அப்புறம் ஒரு விஷயம். இன்னைக்குலேர்ந்து காலை ஊன்றுங்க.”

“என்னது?”

“ஊன்றுங்க. முழு எடையும். கம்பி தாங்கும். எலும்பு மேல பாரம் விழுந்தாத்தான் அங்க இருக்கிற செல் சேதி அனுப்பும். இனிமே நடக்காம இருந்தாத்தான் தப்பு.”

இத்தனை காலம் ‘அசையாதே’ என்ற வாயிலிருந்து ‘நட’ என்று வந்ததும் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆசைப்பட்டுக் கிடைத்தது, ஆனால் முதல்முறை முழுதாக ஊன்றியபோது பயமாக இருந்தது. ஒவ்வோர் அடியிலும் உள்ளே முறிகிற சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் சாயங்காலம் தெருவில் நடந்தேன். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் என்னைப் பார்த்து, “லெஃப்ட், ரைட், மிஸ்!” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதானே.

அடுத்த எக்ஸ்ரேயில் கோட்டின் ஓரத்தில் புகை போல ஏதோ இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். “இதான்” என்று டாக்டர் பென்சிலால் காட்டினார். அதற்கடுத்த படத்தில் புகை மேகமாகத் திரண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாலம் போட்டிருந்தது. கோட்டைத் தேட வேண்டியிருந்தது. சுப்பையா படத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “நல்லாத் தெரியுது” என்றார்.

கழுத்து மீதமிருந்தது. பாதிச் சுரப்பியோடு கட்டியை எடுத்தார்கள். காலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு கழுத்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். எங்களை உட்காரவைத்து, கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியபோதே தெரிந்துவிட்டது.

புற்றுதான். சிறியது. கட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தது, வெளியே எங்கும் பரவவில்லை. எடுத்ததே சிகிச்சை, மேற்கொண்டு எதுவும் வேண்டாம். ஆனால் விடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

சுப்பையா என் கையைப் பிடித்திருந்தார். வெளியே வந்ததும், “நீங்க சொன்னது சரி” என்றேன்.

“எனக்கு என்ன தெரியும்? பயந்தேன். அவ்வளவுதான்” என்றார்.

மதினிக்குப் போன் செய்தோம். மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு பந்து பிச்சிப்பூவோடு வீட்டுக்கு வந்தாள். கழுத்துத் தையலைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

“எடுத்தாச்சுல்லா?”

“எடுத்தாச்சு.”

“எடுத்தாச்சுன்னா அது நம்மளுது இல்ல. தலையைக் காட்டு, பூ வைக்கேன்.”

எலும்பு டாக்டரிடம் அடுத்த முறை போனபோது நான் ஒன்று கேட்டேன். பல நாள் உள்ளே குடைந்துகொண்டிருந்த கேள்வி. “அன்னைக்கு நான் கேட்டபடி வச்சிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “தெரியாது, டீச்சர். ஒண்ணுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். உங்களைப் பயமுறுத்த மாட்டேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், கழுத்துல கட்டின்னதும் அவசரமா ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னது அந்தப் புரதத்தை வைக்கலாம்னு நினைச்சதாலதான். சாதாரண கம்பி மட்டும்னா, பிறகு ஒருநாள் பார்த்துக்கோங்கன்னு எழுதி அனுப்பியிருப்போம். நீங்க பார்த்திருப்பீங்களா?”

பார்த்திருக்க மாட்டேன். கால் சரியானதும் மைதானத்துக்கு ஓடியிருப்பேன்.

ஆக, எனக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகாத மருந்து எனக்குச் செய்த உதவி இது. இதை யாரிடம் சொல்லி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். அந்த மருந்து கெட்டது என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைத்துவிட வேண்டாம். அதை வைத்துக் கால் சேர்ந்து நடக்கிறவர்களையும் அந்த ஆஸ்பத்திரியில் பார்த்தேன். எனக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

கணைக்காலில் ஒரு மேடு இருக்கிறது, தொட்டால் தெரியும். தேவைக்கு மேல் உண்டான எலும்பு. அதையும் உடம்பு தானே மெல்ல மெல்லக் கரைத்துச் சீராக்கும் என்கிறார்கள். கட்டுகிற செல்கள் இருப்பது போலவே கரைக்கிற செல்களும் உண்டாம். கட்டுவது, போதும் என்று நிறுத்துவது, மிச்சத்தைக் கரைப்பது. மூன்றும் ஒழுங்காக நடந்தால் அதற்குப் பெயர்தான் ஆரோக்கியம் போலிருக்கிறது.

கடைசியாகப் போனது போன வாரம், மதினியும் கூட வந்திருந்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், “மெதுவா ஓடிப் பார்க்கலாம்” என்றார். ஊருக்குப் போய் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அன்றே அதே ஆஸ்பத்திரியில் கழுத்து ஸ்கேனும் இருந்தது. அதற்குக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. பின்பக்கம் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகினேன்.

“ஏட்டி, என்னட்டி செய்யுத?” என்றாள் மதினி.

காம்பவுண்டுச் சுவர்வரை ஓடினேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது. வலது பக்கம் ஒரு நொண்டல். இடுப்பு இழுத்தது. கணைக்கால் இழுக்கவில்லை. சுவரைத் தொட்டுத் திரும்பினேன். மதினி என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, “விழுந்துராதட்டி, பாதகத்தி!” என்று எதிரே ஓடி வந்தாள். வாட்ச்மேன் விசில் ஊதினார். சுப்பையா எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்தபடி, சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றார். உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அப்படியே போய்ப் படுத்தேன். ஸ்கேன் டாக்டரம்மா கழுத்தில் ஜெல் தடவிவிட்டுக் கையை எடுத்தார்.

“என்னம்மா, இப்படி மூச்சு வாங்குது? பயமா?”

“பயம்தான். ஆனா மூச்சு வாங்குறது அதுக்கில்லை, டாக்டர். ஓடிட்டு வாரேன்.”

அவருக்கு விளங்கவில்லை. மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு கருவி கழுத்தில் மெல்ல நகர்ந்தது. இந்தத் தடவை சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றார்.